17 அங்குல வீல் தின்ற மைலேஜ்

இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் என் ஹைபிரிட் காரில் முதலில் இருந்தது 195/65 ஆர்15 டயர். அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், வீல் 15 அங்குலம். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று 215/45 ஆர்17-க்கு மாற்றினேன். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 20-க்கு இறங்கிவிட்டது. ஹைபிரிட் பேட்டரி போய்விட்டதோ என்று பயந்து அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை.

பிறகுதான் டயரின் விட்டத்தைக் கணக்குப் போட்டேன். பழையது சுமார் 634 மில்லிமீட்டர், புதியது 625. வீல் பெரிது, ஆனால் டயரோடு சேர்த்தால் சிறிது! அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும், ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், சேர்த்துக் காட்டும். ஆக, உண்மையான மைலேஜ் 20 கூட இல்லை.

வித்தியாசம் காலிலேயே தெரிந்தது. முன்பு ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். இப்போது சீக்கிரமே வேகம் தளர்ந்து, இன்ஜின் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும், சரிதான். ஆனால் டயர் நசுங்கி நிமிரும்போது வெப்பமாகப் போனது போனதுதான்.

மறுபடி 15 அங்குலத்துக்கே வந்தேன், உருளும் தடை (டயர் நசுங்கி நிமிர்வதில் வீணாகும் ஆற்றல்) குறைந்த டயரோடு. காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவுப்படி வைத்தேன். முதல் சில டேங்குகளில் மைலேஜ் முழுசாக ஏறவில்லை. புது டயரின் தடித்த ரப்பருக்குத் தடை சற்று அதிகம், தேயத் தேயக் குறையும். அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். வளைவுகளில் 17 அங்குலம் தந்த பிடிப்பு இப்போது இல்லை. மைலேஜ் 22-ஐத் தொட்டுவிட்டது.