ஏரிக்கு முதல் நாளே போய்விடுங்கள்

டிசம்பர், ஜனவரியில் கொங்கு நாட்டுக்கு வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வந்து இறங்கிய மறுநாள் விடியலிலேயே வெள்ளோட்டு ஏரிக்குப் போய்விடுங்கள். பெரியம்மா வீட்டு விருந்து, குலதெய்வக் கோயில், வங்கி, பத்திர வேலை எல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும். நான் இந்த வரிசையை மாற்றிக்கொண்டேன். மெல்பர்னில் பள்ளி விடுமுறையின் பிற்பாதியில் மகளுடன் புறப்பட்டு வந்து பதினான்கு நாட்கள் தங்கினேன். அவளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்த ஐந்து இடங்களில் ஒன்றைத்தான் பார்த்தோம், அதுவும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

ஊட்டியையும் ஏற்காட்டையும் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்து நீர்நிலைகளைச் சொல்லத்தான் ஆள் இல்லை. வெள்ளோடு பறவைகள் சரணாலயம் ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் வழியில் சுமார் 15 கிலோமீட்டர். 77 ஹெக்டேர்தான். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை என்று கருவேல மரங்கள் நிறைந்திருக்கும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவைகள் மிரண்டு போய்விடும் என்பதற்காக. மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளும் அந்தப் பிள்ளைகளை நினைத்தாவது, உள்ளே போகும்போது கைப்பேசியை ஒலியில்லாமல் வையுங்கள். காலை எட்டு மணிக்குள் போனால்தான் வெளிச்சம் சாதகமாக இருக்கும்.

திருப்பூர்ப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் ஊத்துக்குளி சாலையிலுள்ள நஞ்சராயன் குளத்தை விட்டுவிடாதீர்கள். 2022-இல் மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சார் தகுதியும் கிடைத்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே இறங்கும். சாயப்பட்டறை ஊர் என்று நாம் சலித்துக்கொள்ளும் திருப்பூரில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதை என் மகளுக்குக் காட்ட மிகவும் ஆசைப்பட்டேன்.

காரமடையைத் தாண்டிப் பில்லூர் அணைப் பக்கம் இருக்கும் பரளிக்காட்டுக்கு வனத்துறையிடம் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். வார இறுதியில்தான் பரிசல் ஓடும், மதியச் சாப்பாடு அங்குள்ள பழங்குடிப் பெண்களின் சமையல். கொடிவேரி அணைக்கு ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. பவானி ஆற்றில் தண்ணீர் கூடினால் குளிக்கவும் விடமாட்டார்கள். மலையேற விரும்புகிறவர்களுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைத் திறந்து இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது. வெயில் ஏறிக் காட்டுத்தீ அபாயம் வந்துவிட்டால் மூடிவிடுவார்கள், ஆகவே மார்ச், ஏப்ரலை நம்பித் திட்டம் போடவேண்டாம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் இரவுப் போக்குவரத்து கிடையாது, இருட்டும் முன்பே இறங்கிவிடுங்கள்.

இனி, எங்கள் பதினான்கு நாட்கள் போன கதை.

சித்தப்பா விமான நிலையத்துக்கே வந்திருந்தார். காரில் ஏறியதும், "ஒரு கையெழுத்துத்தான் கண்ணு, அரை நாளில் முடிந்துவிடும்" என்றார். தோட்டம் அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தது. அப்பாவுக்கு நான் ஒரே மகள். என் பங்கைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். எனக்கு அதில் மனத்தடை எதுவும் இல்லை. அரை நாள் என்பதைத்தான் நம்பியிருக்கக் கூடாது.

முதல் நாள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் எண் வந்து உள்ளே போனோம். வாரிசுச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயர். இருவரும் ஒருவரே என்று சான்று கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனால், அவர் கூடுதல் பொறுப்பில் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். அங்கே போனபோது இங்கே திரும்பிவிட்டார். சான்று கையில் வந்த அன்று முகூர்த்த நாள். அலுவலகத்தில் நிற்கவே இடமில்லை, மதியத்துக்கு மேல் சர்வரும் நின்றுபோனது. மகள் வாசல் வேப்பமரத்தடியில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தாள். கூழைக்கடாவுக்கென்று கோடு போட்டு வைத்திருந்த ஏட்டில் காக்கை, மைனா, ஒரு செண்பகம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த கோபத்தில் சித்தப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசி நாள் எல்லாம் சரியாக இருந்தது, ரேகை வைப்பதுதான் பாக்கி. என் விரல் தொட்டவுடன் பதிந்தது. சித்தப்பாவின் பெருவிரலைக் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்து வைத்தார். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தார். இடது கையை வைத்தார். மண்வெட்டி பிடித்தும் மஞ்சள் வெட்டியும் ரேகைக் கோடுகள் அழிந்து விரல் நுனி வழுவழுவென்று ஆகியிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஏழாவது முறை ஏற்றுக்கொண்டது. அந்த ஆறு முறையும் நான் என் விரலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றேன்.

பயிர்க்கடன், சொட்டு நீர் மானியம் என்று ஒவ்வொன்றுக்கும் என் ஒப்புதல் வேண்டும் என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா இறந்ததிலிருந்து ஒன்பது வருடமாக இது நடந்திருக்கிறது. சித்திதான் சொன்னார். தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று சித்தப்பா ஒரு தொலைபேசி அழைப்பில்கூட இதைச் சொன்னதில்லை. நானும் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஆகவே சொல்கிறேன், ஊரில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற நிலம் இருந்தால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, நம்பிக்கையானவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்றால் கடவுச்சீட்டிலும் வாரிசுச் சான்றிதழிலும் பட்டாவிலும் பெயர், முன்னெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அங்கிருந்தே பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் ஊரில் ஒருவரைக் கொண்டு முன்பே சான்றுக்கு எழுதிப் போடுங்கள். முகூர்த்த நாளில் டோக்கன் எடுக்காதீர்கள்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை, ஐந்து மணி தாண்டிய பிறகு வெள்ளோட்டுக்குப் போனோம். சித்தப்பாவும் வந்தார். சிறுவயதில் அந்தப் பக்கம் எருமை மேய்த்திருக்கிறாராம். பார்வைக் கோபுரத்தில் ஏறியதும் மகள் பைனாகுலரை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. வெறும் கண்ணாலேயே முக்குளிப்பான் மூழ்கும் இடத்தைக் காட்டி, அது எங்கே எழும் என்றும் கை நீட்டிச் சொன்னார். அங்கேயே எழுந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் மகள் கூழைக்கடாக்களை எண்ணி ஏட்டில் பதினெட்டு என்று எழுதினாள். சித்தப்பா இருபத்தொன்று என்றார். கீழே காவலரின் விசில் கேட்டது. அவள் மறுபடி எண்ணினாள், கருவேல மரத்துக்குப் பின்னால் மூன்று இருந்தன.