ஆபீஸ் நெட் ஸ்லோவா? லைனைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபைபர் லைன், ஒரு ரவுட்டர், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டி, டேலி கணக்கு டேட்டா இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். இப்படிப்பட்ட இடங்களில் "நெட் சரியில்லை" என்று கூப்பிட்டதும் நான் முதலில் கேட்பது: "சமீபத்தில் புதுசாக ஏதாவது செருகினீர்களா?"

பெரும்பாலும் பதில், இன்னொரு ரவுட்டர். உள் கேபினுக்கு வைஃபை எட்டவில்லை என்று வாங்கி வந்து, பழைய ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, புதியதன் லேன் (LAN) போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டர்களை இணைக்கும் துளையில், செருகியிருப்பார்கள். விளக்கு எரியும், நெட்டும் வரும். கூத்து அப்புறம்தான். இரண்டு ரவுட்டரும் டிஹெச்சிபி வேலையைப் பார்க்கும், அதாவது கேட்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் ஐபி முகவரி என்கிற அடையாள எண்ணைக் கொடுக்கும். எது முந்துகிறதோ அதனிடம் வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டர். புது ரவுட்டரிடம் வாங்கியது, வெளியே போகும் வழியாக அதையே நம்பும்; அதற்கோ வெளி லைனே கிடையாது. இந்த சீட்டில் நெட் இருக்கும், பக்கத்து சீட்டில் இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் தலைகீழாகும்.

புது ரவுட்டரை முதலில் ஒரு லேப்டாப்போடு மட்டும் இணைத்து டிஹெச்சிபியை அணையுங்கள். பழையதன் ஐபி முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். அந்த எண் வேறு எதற்கும் போகாமல் பார்த்துக்கொண்டு, பிறகு லேனிலிருந்து லேனுக்கு இணையுங்கள். புது ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (வைஃபையை மட்டும் பரப்பும் அமைப்பு) இருந்தால் இன்னும் சுலபம். வெளி லைனுக்கான வேன் (WAN) போர்ட்டில் செருகினால் நெட் வரும்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு டேலி கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கண்ணில் படாமல் போகலாம்.

பிரிண்டரும் இதே குடும்பத் தகராறுதான். ஒரு ஆபீஸில் தினமும் காலையில் பிரிண்டர் காணாமல் போனது. அதற்குக் கையால் 192.168.1.5 கொடுத்திருந்தார்கள்; ரவுட்டரோ கடைசி எண் 2-லிருந்து வரிசையாக விநியோகம் செய்துகொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய மொபைல் வந்து அதே 5-ஐ வாங்கிக்கொண்டது. விநியோகத்தை 100-லிருந்து தொடங்கும்படி மாற்றினோம், தீர்ந்தது.

மொத்த ஆபீஸும் ஒரே நொடியில் நின்றால் ஸ்விட்சைப் பாருங்கள். எல்லா விளக்கும் வெறி பிடித்த மாதிரி ஒன்றாகச் சிமிட்டினால், ஒரே கேபிளின் இரு முனையும் அதிலேயே செருகியிருக்கிறதா என்று தேடுங்கள். பெருக்கும்போது தொங்கிய முனையை யாரோ நல்லெண்ணத்தில் செருகிவிட்டிருப்பார்கள். சாதாரண ஸ்விட்சுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்டவில்லையா? கேபிளுக்குள் இருக்கும் எட்டு ஒயரில் நாலு மட்டும் இணைந்திருக்கும், அல்லது ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ரகம். பிளானை உயர்த்திப் பயனில்லை.

வருகிற கிளையண்டுக்கெல்லாம் மெயின் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்வதை நிறுத்துங்கள். அவருடைய மொபைலும் உங்கள் டேலி டேட்டாவும் ஒரே நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும். கெஸ்ட் வைஃபை தனியாகப் போடுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கரண்ட் போனதும் கம்ப்யூட்டர்கள் யுபிஎஸ்ஸில் ஓடும், நெட் மட்டும் இருக்காது. சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டிக்கு யுபிஎஸ் லைன் கொடுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பிளக் பாயின்ட் இழுக்கச் சொல்லுங்கள்.