மல்லாட்டைக்கு மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது?

மணிலாக்கொட்டை என்ற பேர்தான் எங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. புத்தகத்தில் நிலக்கடலை. எந்தப் பேரில் போட்டாலும் இது பூப்பது மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. நாம் பார்ப்பதோ இலையைத்தான். செடி கருகருவென்று நிற்கிறதே என்று நம்பியிருந்து, பிடுங்கும்போது பாதி பருப்பில்லாத பொக்காக வந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறோம்.

முதலில் விதை. மிஷினில் உடைத்த பருப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். மேல்தோல் கிழிந்த பருப்பு ஈரம் பட்டதும் அழுகிவிடும். காயாகவே வைத்திருந்து, விதைப்புக்குச் சில நாள் முன்பு கையால் உடைப்பதே நல்லது. பிறகு விதையை அழுகாமல் காக்கும் நல்ல பூஞ்சணமான டிரைகோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதையுங்கள். விதையை மிச்சம் பிடிக்க எட்ட எட்டப் போடுவதும் வேண்டாம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10. படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகம் காலி இடத்தில் படர்ந்து ஈடுகட்டாது.

பெரிய நட்டம் 40ஆம் நாளை ஒட்டித்தான் வருகிறது. விதைத்து 25, 30 நாளில் பூக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசிமாதிரி விழுது கிளம்பி மண்ணைத் துளைத்து இறங்கும்; அதன் நுனிதான் காயாகிறது. இந்த நேரத்தில், 40இலிருந்து 45 நாளுக்குள், சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சத்தை எக்டேருக்கு 400 கிலோ தூரைச் சுற்றித் தூவி மண் அணைக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் சுமார் 160 கிலோ.

"சத்தை வேர் எடுத்துக் காய்க்குத் தராதா?" என்று கேட்பார்கள். தராது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும். ஏறியது கீழே இறங்காது. காய் தனக்கு வேண்டியதைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது. அந்த இரண்டு அங்குல மண்ணில் அது இல்லையென்றால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. யூரியாவை அள்ளி வீசினால் இலை தழைக்கும், அவ்வளவுதான்.

மண் அணைத்தபின் களைக்கொத்தோடு கொல்லையில் இறங்காதீர்கள். நாலு புல்தானே என்று 60ஆம் நாள் கொத்தியவர்களில் நானும் ஒருவன். அறுந்த விழுதுகள் வெள்ளை வெள்ளையாகக் கொத்து முனையில் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு காய். புல்லைக் கையால் பிடுங்கினால் போதும்.

அறுவடைக்கு நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 105 நாள் ரகம் என்பார்கள். மழையும் வெயிலும் அதை முன்பின் தள்ளிவிடும். நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பஞ்சுபோல வெளுத்திருந்தால் இளசு. பத்துக்கு ஏழெட்டு உள்ளே கருத்திருந்தால் ஆளைக் கூப்பிடலாம். விலை ஏறட்டும் என்று விட்டுவைத்தாலும் ஆபத்துதான்: கொத்து ரகங்களில் பலவற்றுக்கு விதை உறக்கம் இல்லை, ஒரு மழை பெய்தால் மண்ணிலேயே முளைத்துவிடும்.

ஆய்ந்த காயை ஈரத்தோடு அம்பாரம் போடுவதும், உடைக்கச் சுலபம் என்று காயில் தண்ணீர் தெளிப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும். அந்த ஈரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்தபோது, காரணம் தேடியவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் கண்டுபிடித்த நஞ்சு இது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வையுங்கள். காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைச் செக்குக்குத்தானே என்று சேர்த்துவிடாதீர்கள். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, நஞ்சில் ஒரு பங்கு பாலில் வருகிறது.