பிள்ளையின் பையில் வேப் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், கையில் இருப்பது வேப்தானா, அதாவது பேட்டரியில் ஓடுகிற மின்சிகரெட்தானா என்று பாருங்கள். பென் டிரைவ் மாதிரி, ஹைலைட்டர் பேனா மாதிரி, சில சமயம் லிப்ஸ்டிக் மாதிரிகூட இருக்கும். ஒரு முனையில் வாய் வைக்கிற துளை, பெரும்பாலானவற்றில் மறுமுனையில் போனுக்குச் செருகுகிற அதே டைப்-சி சார்ஜர் ஓட்டை. மாம்பழம், புதினா, பபிள்கம் என்று ஏதோ ஒரு வாசனை வரும். சிகரெட் என்றால் சட்டையிலும் விரலிலும் நாறும், அம்மா மோப்பம் பிடித்துவிடுவார். இதில் அந்தச் சிக்கலே இல்லை, பாத்ரூமில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால் சூயிங்கம் மென்றவன் மாதிரிதான் இருப்பான்.

பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். 5% என்று போட்டிருந்தால் ஒரு மில்லி திரவத்தில் 50 மில்லிகிராம் நிகோடின், 2 மில்லிக்கு 100. ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் போவது சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான் (வேப்பில் இருப்பது அத்தனையும் உடம்பில் ஏறிவிடாது, ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்). 0% என்று இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம், தடை செய்த சரக்குக்கு யார் சோதித்துப் பார்த்து லேபிள் ஒட்டப்போகிறார்கள்?

அன்று ராத்திரியே கத்தித் தீர்க்காதீர்கள். "யாருடையது இது?" என்று கேட்டால் "ஃப்ரெண்டோடது" என்றுதான் பதில் வரும், அதோடு பேச்சு முடிந்தது. கேட்க வேண்டியது வேறு: எப்போதிலிருந்து, காலையில் எழுந்ததும் தேடுகிறதா, இரண்டு நாள் இது இல்லாமல் இருந்திருக்கிறாயா, இருந்தபோது எப்படி இருந்தது. எழுந்தவுடன் வேண்டும் என்றோ, இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறது, படிப்பில் மனசு நிற்கவில்லை என்றோ சொன்னால் அது ஆசைக்கு இழுத்துப் பார்த்த கதை இல்லை, பழக்கம் பிடித்துவிட்டது. மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் பதினைந்து வயதுக்காரனை நிகோடின் பிடிக்கிற பிடி பெரியவர்களைவிட இறுக்கமானது.

"வெறும் தண்ணி ஆவிதான்பா" என்பான். இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், ஃப்ளேவர், நிகோடின் எல்லாம் சேர்ந்த திரவத்தைச் சூடான கம்பிச்சுருள் புகைமூட்டமாக மாற்றுகிறது. அதில் ஃபார்மால்டிஹைடும் நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் கலந்து வரலாம். சாப்பிடத் தகுந்த ஃப்ளேவர் என்பதற்காக அது மூச்சில் இழுக்கத் தகுந்தது ஆகிவிடாது. ஆனால் பயமுறுத்துவதற்காகப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு 2,800க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள், ஆனால் அதில் பெரும்பங்கு கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டால் வந்தது. அதை மறைத்துச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கூகுளில் பார்த்துவிட்டு, நீங்கள் அடுத்துச் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். "சிகரெட்டைவிடப் பரவாயில்லை" என்றால், முப்பது வருஷமாகப் புகைக்கும் ஒருவர் அந்த வாதத்தைப் பேசட்டும், நீ ஒப்பிட வேண்டியது சுத்தமான காற்றோடு என்று சொல்லுங்கள்.

சரி, யார் மேல் தப்பு? என் கணக்கில் பிள்ளை கடைசி ஆள். சிகரெட்டின் முதல் இழுப்பில் தொண்டை எரியும், இருமல் வரும், பல பேருக்கு அதுவே ஒரு தடுப்பு. வேப் தயாரித்தவர்கள் நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து, அந்த எரிச்சலே தெரியாமல் செய்தார்கள். அமெரிக்காவில் ஜூல் என்ற வேப் நிறுவனம் இளைஞர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ததாக எழுந்த புகாரில் 2022இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு சுமார் 44 கோடி டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. நம் ஊரில் தமிழ்நாடு 2018இலேயே தடை போட்டது, 2019இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது: தயாரித்தாலோ, இறக்குமதி செய்தாலோ, விற்றாலோ, விளம்பரம் செய்தாலோ முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று ஆண்டு, ஐந்து லட்சம் வரை. அப்படியிருந்தும் பத்தாம் வகுப்புப் பையன் கைக்கு வருகிறது என்றால் விற்றவனையும் விட்டுவைத்தவர்களையும்தான் முதலில் கேட்க வேண்டும். துபாயிலிருந்து வந்தபோது "சும்மா ஜாலிக்கு" கொடுத்த சொந்தக்கார அண்ணனையும் சேர்த்துத்தான்.

அதனால் எங்கே வாங்கினாய் என்பதைத் திட்டாமல் கேட்டு வையுங்கள். கடையா, இன்ஸ்டாகிராம் கணக்கா, ஜிபேயில் யாருக்குப் பணம் போனது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்திலோ, மத்திய சுகாதார அமைச்சகம் 2023இல் இதற்கென்றே தொடங்கிய இணையதளத்திலோ புகார் கொடுங்கள். பள்ளிக்குத் தெரிந்துவிட்டால் டிசி கொடுக்க விடாதீர்கள், கவுன்சலிங் கேளுங்கள். அதே கடைக்காரன் மற்ற பிள்ளைகளுக்கும் விற்றுக்கொண்டிருப்பான் என்பதையும் சொல்லுங்கள்.

சாட்சிக்கு வேண்டும் என்று அந்தக் கருவியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், கையில் வைத்திருப்பதும் சட்டமீறல் என்று அமைச்சகம் சொல்லியிருக்கிறது. குப்பைக்கூடையிலும் போடாதீர்கள், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். வீட்டில் குட்டிப் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம், அந்தத் திரவம் விஷம், கொஞ்சம் விழுங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நிறுத்துகிற முதல் மூன்று நாள்தான் மோசம். கோபம், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த நாட்களில் மார்க் பற்றிப் பேசி உரசாதீர்கள். மெடிக்கலில் நிகோடின் சூயிங்கம் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம், பதினெட்டு வயதுக்குள் என்றால் டாக்டர் சொல்லட்டும். புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356, மனநல உதவிக்குத் தமிழில் பேச 14416. அப்பா சிகரெட் பிடிப்பவர் என்றால் அவரும் அதே முதல் எண்ணுக்குப் போன் போட்டு, மகனோடு ஒரே நாளில் நிறுத்தப் பார்க்கலாம்.