கனடாவைப் பைக்கில் கடக்க: முதல்முறை போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

மேற்குக் கரையின் விக்டோரியாவிலிருந்து கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் வரை டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை சுமார் 7,800 கி.மீ. நாளுக்கு 450 கி.மீ. என்று வைத்து, மழைக்கும் ஓய்வுக்கும் கப்பலுக்கும் சேர்த்து 24 நாள் ஒதுக்குங்கள். நாளுக்கு 800 கி.மீ.கூட ஓட்டலாம்தான். ஆனால் மூன்றாம் நாளே கவனம் கலைந்துவிடும்.

1. திசை, மாதம்

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும், சாயங்கால வெயிலும் கண்ணில் அடிக்காது. ஜூலை, ஆகஸ்ட் நல்லது. ஜூனில் வடக்கு ஒன்டாரியோவில் கொசுவும் கருப்பு ஈயும் பிடுங்கும். செப்டம்பரில் 1,330 மீட்டர் உயர ரோஜர்ஸ் பாஸ் மலைக்கணவாயில் பனி விழலாம். ஜூலையிலும் அங்கே காலையில் குளிர் விரலை விறைக்கவைக்கும். கனமான கையுறை ஒரு ஜோடி கட்டாயம்.

2. டயர், செயின்

புது டயரோடு புறப்படுங்கள். பிரெய்ரி சமவெளியின் நேர்கோட்டுச் சாலையில் பின்டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேயும். காற்றைத் தினமும் காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை, அதுவும் மாலையில் வண்டியை நிறுத்தியதும் எண்ணெய் போடுங்கள். சூட்டில் உள்ளே இறங்கி, இரவுக்குள் படிந்துவிடும். தொய்வு பல வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சரி. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். மூட்டையும் ஆளும் ஏறினால் செயின் இன்னும் இறுகும். இறுக்கி வைத்தவர்களுக்கு முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பேரிங் போகும்.

3. பஞ்சர்

டியூப்லெஸ் டயருக்கு மட்டும் இந்த முறை. ஆணி ஏறிய கோணத்தைக் கவனித்துவிட்டுப் பிடுங்குங்கள். அதே கோணத்தில் ரீமரை (ஓட்டையைச் சுரண்டிச் சீராக்கும் கம்பி) பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள். இதில் சோம்பினால் உள்ளே நீட்டியிருக்கும் கம்பி இழை, ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பை அறுத்துவிடும். ஸ்ட்ரிப்பை ஊசியில் பாதியாகக் கோத்து, பசை தடவி, இரு நுனியும் ஒரு செ.மீ. வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியைச் சட்டென்று உருவுங்கள். காற்றடித்து, எச்சில் தொட்டுவைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டாதீர்கள். ஒட்டிய டயரில் 80-ஐத் தாண்டாமல் அடுத்த ஊர்க் கடைவரை போங்கள். டியூப் உள்ள வண்டிக்கு உதிரி டியூபும் டயர் லீவரும் வேண்டும்.

4. சுப்பீரியர் ஏரிக்கரை

பயணத்தின் கடினமான பகுதி மலையல்ல, இதுதான். இந்த ஏரிக்கரை வரும் ஒன்டாரியோ மாகாணத்தை மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே கடக்க 2,000 கி.மீ.க்கு மேல். வாவாவிலிருந்து சூ செயின்ட் மேரிவரை சுமார் 225 கி.மீ., பெரும்பகுதி காடு. சிறு பங்க்குகள் மாலையில் மூடிவிடும். டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். எதிர்காற்றிலும் 110 வேகத்திலும் மைலேஜ் நன்றாகக் குறையும்.

மூஸ் என்ற பெரிய மான் இனம் விடியலிலும் அந்தியிலும் சாலைக்கு வரும். நிறம் கரும்பழுப்பு, கால் நெடியது. ஹெட்லைட் வெளிச்சம் காலில் மட்டும் படும். கண்கள் வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் சாதாரண மானின் கண்போல் மின்னாது. பொழுது சாயுமுன் அறைக்குப் போய்விடுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் கன்று வருமா என்று நின்று பாருங்கள்.

5. நியூஃபவுண்ட்லாந்து கப்பல்

நார்த் சிட்னியிலிருந்து போர்ட்-ஓ-பாஸ்க் சுமார் ஏழு மணி நேரம். வண்டியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ராட்செட் பட்டை (கைப்பிடியை அசைத்து இறுக்கும் கட்டுப்பட்டை) நான்கு கொண்டுபோங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து, முதல் கியரில் போட்டு, முன்பிரேக் லீவரை ரப்பர் வளையத்தால் பிடித்துக் கட்டுங்கள். பிறகு முன்னும் பின்னும் இருபுறமும் பட்டை போட்டு, சஸ்பென்ஷன் பாதி அமுங்கும்வரை இறுக்குங்கள். பட்டை உரசும் இடத்தில் துணி வையுங்கள்.

இறங்கியதும் சற்றுத் தூரத்தில் ரெக்ஹவுஸ் என்ற இடம். மலையிறங்கி வரும் காற்று அங்கே ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளையே கவிழ்த்திருக்கிறது. எச்சரிக்கை போட்டிருந்தால் துறைமுக ஊரிலேயே ஒரு நாள் தங்கி, காற்று அடங்கியதும் கிளம்புங்கள். அங்கிருந்து செயின்ட் ஜான்ஸுக்கு இன்னும் 900 கி.மீ., இரண்டு நாள்.