மீன் சதை கிழியாமல் எடுக்க: கத்தி தீட்டிய என் அனுபவம்

சின்னக்கடை மீன்சந்தையில் விளைமீன் வாங்கினால் வெட்டியும் தருவார்கள், ஆனால் குழம்புத் துண்டாக. பிள்ளைகளுக்கு முள்ளில்லாத சதை வேண்டும் என்பதால் வீட்டிலேயே பிரித்தெடுக்கிறேன். கறிக்கத்தி இதற்குச் சரிவராது. அலகு தடிப்பு, முள்ளோடு வளையாது, பாதிச் சதை முள்ளிலேயே நின்றுவிடும். ஆறேழு அங்குல நீளத்தில், மெல்லியதாய், நுனியை அழுத்தினால் வளைந்து திரும்புகிற கத்தியாகப் பார்த்து வாங்கினேன். துருப்பிடிக்காத உருக்குத்தான். எங்கள் உப்புக்காற்றில் மற்றதை நாளும் துடைத்து எண்ணெய் பூச யாரால் முடியும்?

கொஞ்ச நாளில் அதுவும் சதையைக் கிழிக்கத் தொடங்கியது. தீட்டினாலும் அதே கதை. அலகின் முதுகிலிருந்து, அதாவது வெட்டாத பக்கத்திலிருந்து, விளிம்புப் பக்கமாகப் பெருவிரலால் மெல்லத் தடவினால், ஒரு பக்கத்தில் மட்டும் பிசிர் மாட்டியது. கல்லில் தேய்ந்த உருக்கு மறுபக்கம் மடிந்து நிற்கிறது, கிழிப்பது அதுதான்.

1000 இலக்கத் தீட்டுகல்லைத் (இலக்கம் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்துவாயின் மேல் வைத்து, அலகைச் சுமார் 15 பாகை சாய்த்துத் தீட்டினேன். முழு நீளத்துக்கும் பிசிர் வரும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். நுனி வளைவு வரும்போது கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நுனி கல்லில் படாது. கடைசியில் அமுக்காமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, பழைய தோல் பட்டியில் முதுகை முன்னே விட்டு இழுத்தால் பிசிர் போய்விடும். பத்திரிகைத் தாளை வெட்டிப் பார்த்தால் தெரியும்.

இப்போது செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, அப்படியே நடுமுள்ளைத் தொட்டபடி வால்வரை ஒரே இழுப்பு. தலை வெட்டுவதற்கு மட்டும் இன்னும் கறிக்கத்திதான்.