ஹீலியத்தின் அடிநிலை ஆற்றல்: பன்னிரண்டு இலக்கத் துல்லியத்துக்கு ஒரு செய்முறை

ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைத் தாளிலேயே எழுதிவிடலாம். ஹீலியத்தில் இரண்டாவது எலெக்ட்ரான் சேர்ந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. 1929இல் இயற்பியலாளர் ஹிலராஸ், இரு எலெக்ட்ரான்களுக்கு இடையிலான தொலைவை அலைச் சார்புக்குள்ளேயே சேர்த்து இதற்கு வழி திறந்தார். டர்பனில் நான் பாடம் சொல்லித்தரும் இளநிலை மாணவர்களுக்காக, சாதாரண மடிக்கணினியில் ஓடும் வடிவத்தை இங்கே தருகிறேன்.

முதலில், அலைச் சார்பைப் பல உறுப்புகளின் கூட்டலாகக் கொண்டு, ஒவ்வோர் உறுப்பையும் exp(−a·r₁ − b·r₂ − c·r₁₂) என்று எடுத்து (r₁, r₂ அணுக்கருவிலிருந்து இரு எலெக்ட்ரான்களின் தொலைவுகள், r₁₂ அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு; a, b, c நாம் தேர்ந்தெடுக்கும் எண்கள்), r₁, r₂ இரண்டையும் இடமாற்றிய வடிவத்தையும் அதனோடு கூட்டுங்கள். a, b, c ஆகியவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் நேர்மதிப்பு வரவேண்டும். தேவையான தொகையீடுகள் அனைத்தும் 16π²/((a+b)(b+c)(c+a)) என்ற ஒரே கோவையின் வகைக்கெழுக்களாகவே கிடைக்கும். இந்த எளிமைக்காகவே ஹிலராஸின் அடுக்குத் தொடரைவிட இதை நான் விரும்புகிறேன்.

அடுத்து, ஒரே உறுப்போடு சோதியுங்கள். a = b = 27/16, c = 0 என்று வைத்தால் சரியாக −2.84765625 ஹார்ட்ரீ (அணுக் கணக்குகளில் ஆற்றலின் அலகு) வரவேண்டும். வராவிட்டால் தொகையீடுகளைச் சரிபாருங்கள். இயக்க ஆற்றல் பகுதியில், r₁, r₁₂ திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் கோசைன் உறுப்பு c = 0 எனில் மறைந்துவிடும்; அதிலுள்ள பிழையை இந்தச் சோதனை பிடிக்காது என்பதால் அதைத் தனியே பாருங்கள்.

இனி, பலரும் திணறும் இடம். உறுப்புகள் பெருகப்பெருக அவை ஒன்றையொன்று ஒத்துப்போவதால், உறுப்புகள் இரண்டிரண்டாக எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் மேற்பொருந்தல் அணி கிட்டத்தட்ட நேர்மாறற்றதாகிவிடுகிறது; கணினியின் வழக்கமான பதினாறு இலக்கக் கணக்கு அப்போது நிலைகுலைந்து, ஆற்றல் உண்மை மதிப்பான −2.903724377034 ஹார்ட்ரீக்கும் கீழே இறங்கத் தொடங்கும். உறுப்புகளை மாற்றி ஆற்றலை இயன்றவரை குறைக்கும் இந்த மாறுபாட்டு முறையில் உண்மை மதிப்புக்குக் கீழே போக வழியே இல்லை என்பதால், அப்படி வந்த விடையை முழுவதுமாகத் தள்ளிவிடுங்கள். பைத்தானின் எம்பிமேத் நூலகத்தில் துல்லியத்தை அறுபது இலக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் தொகையீடுகளையும் அதே துல்லியத்தில்தான் கணக்கிட வேண்டும். அணியைப் பதினாறு இலக்கத்தில் கணக்கிடும் நம்பை (NumPy) நூலகத்தில் அமைத்துவிட்டுப் பிறகு மாற்றினால், தொலைந்த இலக்கங்கள் திரும்பி வராது. a, b, c தோராயமாக இருப்பதில் குற்றமில்லை. எல்லா இடத்திலும் அதே எண்கள் இருந்தால் போதும்.

ஐகன் மதிப்புக்கு (இங்கே அதுவே ஆற்றல்) முழு அணியையும் மூலைவிட்டமாக்க வேண்டாம். −2.91ஐத் தொடக்க மதிப்பாகக் கொண்டு, அதற்கு மிக அருகிலுள்ள ஐகன் மதிப்பை மட்டும் தேடும் நேர்மாறு மறுசெய்கையைச் செய்தால் அடிநிலை விரைவில் கிடைக்கும். பிறகு உறுப்புகளை அப்படியே வைத்து, எண்பது இலக்கத்தில் மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு ஓட்டங்களும் ஒத்துப்போகும் இலக்கங்கள் வட்டமிடல் பிழைக்குத் தப்பியவை. உறுப்புகளைக் கூட்டிய பிறகும் அவற்றில் மாறாதவற்றை மட்டும் விடையாக எழுதுங்கள்.

பின்சேர்க்கை: லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) நேரத்தில் நீண்ட ஓட்டம் பாதியில் நின்றுபோனதாகச் சில மாணவர்கள் சொன்னார்கள். அணியின் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அதைக் கோப்பில் சேமியுங்கள். எண்களைச் சரமாக எழுதினால்தான் எல்லா இலக்கங்களும் தங்கும்.

இங்கே கிடைப்பது அசையாத அணுக்கருவைக் கொண்ட, சார்பியல் சேராத மதிப்பு. ஆய்வக அளவீட்டோடு ஒப்பிடுவதற்கு முன் அணுக்கருவின் நிறை, சார்பியல், குவாண்டம் மின்னியக்கவியல் ஆகிய திருத்தங்களை, இதே அலைச் சார்பைக் கொண்டு, இந்த வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.